இரைச்சலில் உறங்கியவர்

மலைக்காடு ஒன்றில் ஒரு மான் இருந்ததாம். மற்ற மான்களெல்லாம் சந்தடியில்லாத புதர்களைத் தேடிப் படுக்க, இது மட்டும் அருவியின் காலடியில், நீர் பாறையில் மோதிச் சிதறும் இடத்துக்கு அருகே போய்ப் படுக்குமாம். "இங்கே புலி வந்தால் உனக்குக் கேட்காதே!" என்று மற்றவை எச்சரித்தன. "கேட்காது என்பதற்காகத்தான் இங்கே படுக்கிறேன்" என்றதாம் அந்த மான்.

பேர்ண் நகரின் மேற்கே, பூம்ப்ளிஸில் குடியிருக்கும் இரவீந்திரனும் ஏறக்குறைய அப்படிப்பட்டவர். வீட்டில் அவர் கண்ணயர்வது அரிது. விடியுமுன் எழுந்து, மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்துக்குப் போவார். அங்கே எட்டுப் பெரிய இயந்திரங்கள் ஒன்றாக உறுமும். வயது ஐம்பதைத் தாண்டியதைக் கருதி, மேல்மாடியில் துணி மடிக்கும் அமைதியான அறையில் உட்கார்ந்து செய்யும் வேலையை இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். அவர் ஆழ்ந்து உறங்கும் இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மகள் மதுஜாவின் பங்க் இசைக்குழு வாசிக்கும் மேடைக்கு எதிரே, இடப்பக்க ஸ்பீக்கரை ஒட்டிப் போட்ட நாற்காலியே அது.

அந்தக் குழு பிறந்தபோது மதுஜாவுக்குப் பதினாறு வயது. வகுப்புத் தோழர் இருவரைச் சேர்த்துக்கொண்டாள். டிரம்ஸ் அடிக்க ஜெனுசன். கிற்றார் வாசிக்கக் கோபிசன். பேஸ் கிற்றாரும் பாட்டும் அவளுடையவை. அவர்கள் வந்து குடியேறிய அந்த ஐரோப்பிய நாட்டில் போர் வராவிட்டாலும் ஒவ்வோர் அடுக்குமாடியின் அடியிலும் போருக்கென்று தடித்த இரும்புக் கதவு போட்ட நிலவறை ஒன்று உண்டு. தங்கள் கட்டடத்து நிலவறையில் பழைய மிதிவண்டிகளை ஒதுக்கிவிட்டு அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். முதல்நாள் அந்த அமளி நான்கு மாடிகளையும் உலுக்கியது. மதுஜாவின் தாய் பத்மினி, கறிக்கரண்டியும் கையுமாகப் படிவாசலில் வந்து நின்று, "தறிகெட்டதுகள்!" என்று திட்டினாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். குழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 'தறிகெட்டதுகள்' என்று தமிழ் எழுத்திலேயே சுவரொட்டியில் போட்டார்கள். பேர்ண் மாநகரத்தில் அதைச் சரியாக உச்சரித்த அறிவிப்பாளர் எவரும் இல்லை.

கிற்றாரில் மூன்று சுரக்கட்டுகள், இரண்டு நிமிடம், மூச்சுவிட இடமில்லாத வேகம். இவ்வளவுதான் அவர்களின் பாட்டு. உயர்பள்ளிக்கு நீ சரிவர மாட்டாய் என்ற ஆசிரியரையும், தாளித மணத்துக்குக் காவலாளியிடம் முறையிட்ட பக்கத்து வீட்டுக்காரரையும், தந்தையின் பெயரைப் பாதியில் வெட்டிக் கூப்பிட்ட அலுவலரையும் அவள் தொண்டை கிழியத் திட்டினாள். இரவீந்திரன் தமக்குத் தெரிந்த மரக்கறிக் கடைக்காரரின் வான் வண்டியை இரவல் வாங்கி, பெட்டிகளை ஏற்றி இறக்கி, ஊர் ஊராக ஓட்டிப் போனார். மண்டப வாசலில் கேட்போருக்கு இலவசமாகக் காதடைப்பான் கொடுப்பார்கள். அவர் அதை வாங்குவதில்லை. நேரே தம் நாற்காலிக்குப் போய், கையைக் கட்டி, தலையைச் சாய்த்து, இரண்டாம் பாட்டுக்குள் குழந்தையைப் போல உறங்கிவிடுவார். நூறு பேர் குதிக்கும் மண்டபத்தில் வாய் சற்றே திறந்தபடி உறங்கும் அவரின் படந்தான் குழுவின் முதல் இசைத்தட்டுக்கு அட்டையாயிற்று.

"மாமா, எங்கட பாட்டென்ன உங்களுக்குத் தாலாட்டோ?" என்று ஜெனுசன் கேலி செய்வான்.

"ஓமடா. நல்லாய்க் கத்துங்கோ. நீங்கள் மெதுவாக்கினால்தான் எனக்கு முழிப்பு வரும்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் சத்தம் ஓயும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவதை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. புகைக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் புகைப்பதில்லை என்பது மதுஜாவுக்குத் தெரியும். ஆனாலும் அவளும் அப்படியே நினைத்தாள்.

பதினொரு ஆண்டுகள் போயின. மதுஜா ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள் ஆனாள். அங்கே ஒரு நாள் ஒரு வீட்டின் படத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, தான் வரைவதெல்லாம் சுவர்கள்; ஆனால் மனிதர் வாழப்போவது சுவர்களுக்கு இடையில் உள்ள வெறுமையில் அல்லவா என்று அவளுக்குப் பட்டது. அன்று மாலை நிலவறையில் பழைய பாட்டொன்றைப் பாடத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நாங்கள் ஆரோடை இப்ப கோவம்?" என்று கேட்டாள். மூவரும் தங்களுக்குள் பேர்ண் ஜேர்மனில்தான் பேசிக்கொள்வார்கள். மனத்தைத் தொடும் பேச்சு மட்டும் தமிழில் வரும்.

"எனக்கு இண்டைக்குக் காலமை பஸ்காரனோடை" என்றான் கோபிசன்.

"பகிடி விடாதை. அந்த ஆசிரியர் செத்தும் போனார். நான் இன்னும் அவரைத் திட்டிக்கொண்டு நிக்கிறன்."

அவர்கள் வாசித்த இசைக்கும் ஒருகாலத்தில் இதுவே நேர்ந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதைத் தொடங்கிய இளைஞர்கள், இசை தெரிந்தவர்தான் இசைக்கலாம் என்ற கதவை உதைத்து உடைத்தார்கள். உடைத்த சத்தம் இரண்டு மூன்று ஆண்டுகள் ஊரைக் கலக்கியது. பிறகு அவர்களுள் சிலர் திறந்த கதவுக்கு முன்னால் நின்று, 'இனி உள்ளே என்ன கட்டுவது?' என்று தம்மையே கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களின் கையில் கிற்றார் சுரக்கட்டை விட்டுக் கீறத் தொடங்கியது. பின்னால் நின்ற பேஸ் முன்னுக்கு வந்தது. இயந்திர ஓசையும் ஒலிநாடாத் துண்டுகளும் பாட்டுக்குள் குடியேறின. கத்திய வாய்கள் முணுமுணுக்கப் பழகின. போஸ்ட் பங்க் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விதை வெடிக்கும்போது சத்தம் கேட்கலாம். மரம் வளரும்போது சத்தம் கேட்பதில்லை.

பூம்ப்ளிஸ் நிலவறையிலும் மரம் வளரத் தொடங்கியது. முதலில் வேகத்தைக் கழித்தார்கள். அடுத்து கோபிசன் சுரக்கட்டுகளைக் கைவிட்டு, திருப்புளியால் தந்திகளை உரசினான். ஜெனுசன் கட்டடக் காவலாளியிடம் கெஞ்சி, வெறுமையான எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை வாங்கி வந்து, கம்பளி சுற்றிய கட்டையால் அடித்தான். எங்கோ தொலைவில், நிலத்துக்கு அடியில், எதையோ குத்தி இறக்குவது போன்ற ஒரு 'தும்' எழுந்தது. அந்த ஓசைக்குப் பின் மூவரும் தம்மையறியாமல் வாசிப்பதை நிறுத்தினார்கள். பீப்பாயின் அதிர்வு அடங்கியது. வெறுமை நின்றது. அந்த வெறுமைக்குள் மதுஜா பேஸின் ஒரே ஒரு சுரத்தை வைத்தாள்.

"ஐயோ!" என்றான் கோபிசன். "மயிர் கூச்செறியுது."

பதினொரு ஆண்டுகளாகத் தான் நிரப்பியடித்த இடமெல்லாம் உண்மையில் காலியாக விடவேண்டிய இடம் என்று மதுஜாவுக்கு விளங்கியது. தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் இதுதான் என்று அவள் எண்ணினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவீந்திரன் நிலவறைக்கு வந்தார். வழக்கம்போல நாற்காலியைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். 'தும்' என்றது பீப்பாய். வெறுமை நின்றது. இரவீந்திரன் எழுந்துவிட்டார்.

"என்னப்பா?"

"வானுக்குள்ளை பார்க்கிங் அட்டை மாத்தவேணும். மாத்திப்போட்டு வாறன்."

அவர் வரவில்லை. சாமான்களைக் கட்டி மேலே கொண்டுவந்தபோது, வானின் இயந்திரத்தை ஓடவிட்டு, சூடேற்றும் விசிறியை உச்சத்தில் வைத்து, உள்ளே உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே பார்க்கிங் அட்டை வைக்கவே தேவையில்லை என்பது மதுஜாவுக்குப் படியேறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் இடுப்புவலி வந்தது. சலவைக்கூடத்தில் ஆள் குறைவு என்றார். ஒருநாள் மரக்கறிக் கடைக்காரரின் மகளுக்குப் பிறந்தநாள் என்றார். பெட்டிகளை ஏற்றுவார், இறக்குவார், வாசலோடு நின்றுவிடுவார். மேடையில் நிற்கும்போது இடப்பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் வெறும் நாற்காலி தெரிந்தது. கேட்பவர் முன்னூறு பேர் இருந்தும், அந்த ஒரு வெறுமை மட்டும் அவளுக்குத் தாங்கவில்லை. கூக்குரல் போட்டபோது பக்கத்திலே இருந்த மனிதர், கலை வந்தபோது எழுந்து போகிறாரே! இந்தப் பாட்டை அவர் ஒருதடவையாவது இருந்து கேட்கவேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"அப்பாவுக்கு உந்தப் புதுப்பாட்டு பிடிக்கேல்லைப் போல" என்று தாயிடம் குறைப்பட்டாள்.

பத்மினி வெங்காயத்தை அரிவதை நிறுத்தவில்லை. "பிடிக்காமல் இல்லை. அந்தாளுக்குச் சும்மா இருக்கிறதுதான் ஏலாது. என்ர கலியாண வீட்டிலை ஐயர் மந்திரத்தை நிப்பாட்டின நேரமும் எழும்பப் பாத்தவர்" என்றாள்.

ஐப்பசி மாதத்தில் டீட்டிகோன் என்ற ஊரில் உறவினர் வீட்டு நல்லகாரியம் ஒன்றுக்குத் தந்தையும் மகளும் போனார்கள். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்கி நின்றுவிட்டன. மதுஜா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கைபேசியில் இருந்த ஒத்திகைப் பதிவை வானுக்குள் ஒலிக்கவிட்டாள். இங்கே அவர் எழுந்து போக இடமில்லை.

'தும்' என்றது பதிவு. வெறுமை தொடங்கியது. கடைக்கண்ணால் பார்த்தாள். இரவீந்திரனின் இடக்கைப் பெருவிரல் அசைந்தது. சுண்டுவிரலின் மூன்று கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. மோதிரவிரலின் மூன்றைத் தொட்டது. நடுவிரலின் முதற்கணுவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பதிவில் வெறுமை இன்னும் நீண்டுகொண்டிருந்தது. பெருவிரல் நகரவில்லை.

மதுஜாவின் உள்ளம் குளிர்ந்தது. அப்பா எண்ணுகிறார்! கர்நாடகக் கச்சேரியில் தாளம் போடும் பெரியவர்களைப் போல, விரற்கணுவில் காலத்தை அளக்கிறார். வெறுமை ஏழில் முடியவேண்டும் என்கிறார்.

"ஏழிலை வரவேணுமோ அப்பா? அடி ஏழிலை விழுந்தாத்தான் சரியோ?"

இரவீந்திரன் முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மௌனம் சம்மதம் என்று நம்மவர் சொல்லிவைத்த வழக்கத்தை அவள் அப்படியே நம்பினாள்.

மறுநாளே நிலவறையில் பாட்டைத் திருத்தினாள். பீப்பாயின் 'தும்', பிறகு ஏழு எண்ணும் நேரம் எதுவும் இல்லை, ஏழில் மூவரும் ஒரே நேரத்தில், கையில் இருக்கும் பலம் எல்லாம் சேர்த்து ஒரு பேரடி.

"ஏன் ஏழு?" என்று கேட்டான் ஜெனுசன்.

"அப்பா போட்ட கணக்கு."

"பாருங்கோவன் மாமாவை! பதினொரு வருசம் நித்திரை கொண்டுபோட்டு இப்ப இசையமைப்பாளர்" என்றான் கோபிசன்.

சோலோதுர்னில் ஆரே ஆற்றங்கரையில், முன்பு தானியக் கிடங்காக இருந்த மண்டபத்தில், கார்த்திகை மாதத்து ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அந்த நிகழ்ச்சி. பரிசோதனை இசைக்கென்றே கூடும் சபை. தரையில் மெத்தைகளைப் பரப்பிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மதுஜா வாசலில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இண்டைக்குச் சாட்டுச் சொல்லக்கூடாது. இது நீங்கள் தந்த கணக்கு. உங்களுக்குத்தான் வாசிக்கிறன். ஒருக்கா இருந்து கேளுங்கோ."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி பிள்ளை" என்றார்.

இடப்பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் நாற்காலி நிறைந்தது. அதற்கு ஓரடி முன்னே, மெத்தையில், நான்கு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி இளஞ்சிவப்பு நிறக் காதுறை அணிந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாய் பின்னால் இருந்தாள். பாட்டு தொடங்கிற்று. தந்தியின் உரசல் ஓய்ந்தது. 'தும்' என்றது பீப்பாய்.

ஒன்று. சபை அசையாமல் இருந்தது. மூன்று. இரவீந்திரனின் பெருவிரல் மோதிரவிரலுக்குத் தாவுவதை மதுஜா மேடையிலிருந்து கண்டாள். அவளுக்குப் புன்னகை வந்தது. ஐந்து. அவர் எழுந்து நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. ஆறு. மதுஜாவின் கை பேஸின் மீது ஏற்கெனவே ஓங்கிவிட்டது. ஓங்கிய கையைத் தடுக்க அவளால் முடியவில்லை.

ஏழு.

மண்டபம் அதிர்ந்தது. இரவீந்திரன் அந்தச் சிறுமியின் மீது பாய்ந்து, அவளைத் தம் நெஞ்சுக்கு அடியில் போட்டு மூடி, முதுகை வளைத்துத் தரையோடு கிடந்தார்.

சபை ஒரு கணம் திகைத்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எண்ணி இன்னும் பலர் சேர்ந்து தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் சிறுமி வீரிட்டு அழுதாள். தாய் அவளைப் பறித்தெடுத்தாள். இரவீந்திரன் முழங்காலில் நின்று, கையைக் கூப்பி, "என்ட்ஷுல்டிகுங்… என்ட்ஷுல்டிகுங்…" என்று அந்தத் தாயிடமும், அழுத குழந்தையிடமும், கடைசியில் எவரும் இல்லாத பக்கத்திலும் மன்னிப்புக் கேட்டார். கைதட்டல் அப்போதுதான் தேய்ந்து நின்றது. மதுஜா பேஸைத் தரையில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

அருவி என்றென்றைக்கும் விழுந்துகொண்டிருக்கும் என்று அந்த மான் எண்ணியிருந்ததாம். கடுங்குளிர் வந்த ஒரு காலையில் அருவி உறைந்து போயிற்று. மான் திடுக்கிட்டு எழுந்தது. காட்டில் புலி இல்லை. ஆனால் மானுக்குக் காலடி கேட்டது.

மண்டபத்தின் பின்புறம், ஆற்றைப் பார்த்தபடி, வானின் திறந்த பின்கதவில் தந்தையும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனுசனும் கோபிசனும் கிட்ட வரவில்லை. தொலைவில் ஸ்பீக்கர்க் கம்பிகளைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்கள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள்" என்றார் இரவீந்திரன். "தயாநிதி. நாலு வயசு."

"படம் கண்டிருக்கிறன். அம்மா சொன்னவ, செல்லடியிலை செத்தவள் எண்டு."

"அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும்." ஆற்றில் ஒரு வாத்து போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும் வரையில் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமி முகாமிலை இருந்து செல் குத்துற சத்தம் முதல்லை கேக்கும். தும் எண்டு. கேட்ட உடனை எல்லாரும் எண்ணத் தொடங்குவம். பத்தைத் தாண்டினால் எங்களைத் தாண்டிப் போட்டுது எண்டு அர்த்தம். பள்ளிக்கூடம் இல்லாத காலம். அவள் எண்ணப் பழகினதே அப்பிடித்தான். மற்றப் பிள்ளையள் மாங்காய், புளியங்கொட்டை எண்ணிப் பழகும். இவள் செல் எண்ணினவள்."

மதுஜா அவருடைய கையைப் பற்றினாள். அந்தக் கையின் பெருவிரல், பிடிக்குள்ளேயே, சுண்டுவிரலைத் தேடிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கு நான் பங்கர்க் குழிக்குள்ளை இறங்கிட்டன். அவள் வாசல்லை நிண்டு எண்ணினாள். வடிவா, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி, ஒரு இலக்கமும் விடாமல். அதுக்கு முதல் அவளுக்கு அஞ்சுக்கு மேலை வராது. நான் பிடிச்சு இழுத்திருக்கலாம், மது. கை எட்டுற தூரம். பத்து மட்டும் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்குப் பெருமையா இருந்தது. 'அண்ணை, ஏழு!' எண்டு சிரிச்சவள்."

அவளுடைய பிடிக்குள் இருந்த பெருவிரல் நடுவிரலின் முதற்கணுவில் வந்து நின்றது.

"நான் அந்தப் பாட்டை விடுறன் அப்பா. இனி வாசிக்கமாட்டன்."

"விசர்க்கதை கதையாதை!" என்றார் அவர், அன்றைக்கு முதன்முறையாகக் குரலை உயர்த்தி. "உன்ர பாட்டிலை ஒரு பிழையும் இல்லை. நல்ல பாட்டு. அதுதானே இவ்வளவு வடிவாக் கேட்டது."

நிலவறையில் மூவரும் மூன்று வாரம் முட்டி மோதினார்கள். "பழைய மாதிரியே கத்துவம், மாமா நித்திரை கொள்ளட்டும்" என்றான் ஜெனுசன். கத்திப் பார்த்தார்கள். பதினாறு வயதுச் சீருடைக்குள் இருபத்தேழு வயது உடம்பைத் திணிப்பது போலிருந்தது. ஒரு பாட்டைக்கூட முடிக்கவில்லை. வெறுமையை முற்றாக எடுத்துவிட்டும் பார்த்தார்கள். பாட்டு செத்துப்போயிற்று. அன்றிரவு முழுவதும் யோசித்த மதுஜா, மறுநாள் வந்து சொன்னாள்:

"குறைக்க வேண்டாம். கூட்டுவம். பன்னிரண்டு. பத்தைத் தாண்டிப் போகட்டும். கடைசியிலை அடி இல்லை. ஒண்டுமே விழக்கூடாது. பேஸ் மட்டும், மெதுவா."

"பன்னிரண்டு எண்ணும் மட்டும் சத்தம் இல்லாட்டி கம்பி அறுந்துபோச்செண்டு சனம் நினைக்கும்" என்றான் ஜெனுசன். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "நினைச்சா நினைக்கட்டும்" என்றான்.

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பேர்ணில் வாசித்தார்கள். "அப்பா, இந்த முறை பன்னிரண்டு" என்று மதுஜா முன்கூட்டியே சொல்லிவைத்தாள். "ஒண்டும் விழாது. தாண்டிப் போகும். நான் பொறுப்பு." இரவீந்திரன் மடிப்புக் குலையாத சட்டையோடு வந்து தம் நாற்காலியில் அமர்ந்தார். முன்வரிசையில் குழந்தைகள் எவரும் இல்லையென்று இருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

'தும்.'

ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய கைகள் நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றின. நான்கு, ஐந்து, ஆறு. எழவில்லை. ஏழு. கண்ணை மூடினார். எட்டு. ஒன்பது. பத்து. மதுஜாவின் கண்களில் நீர் திரண்டது. தாண்டிவிட்டது! பதினொன்று. பன்னிரண்டு. தாழ்ந்த ஒரு சுரத்தைப் பஞ்சை வைப்பது போல அந்த வெறுமையில் வைத்தாள். இரவீந்திரன் கடைசி வரையில் இருந்தார். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அப்பா இருந்து கேட்டுவிட்டார்.

சபை கலைந்ததும் பெட்டிகளை வானில் ஏற்றினார்கள். அவர் ஒரு கம்பியை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தபோது மதுஜா அருகே போனாள்.

"பத்தைத் தாண்டிப் போனது கேட்டதோ அப்பா?"

"நல்லாயிருந்தது பிள்ளை."

"அது சரி. தாண்டினது கேட்டதோ?"

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பொய் சொல்லலாமா என்று அவர் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஏழு மட்டும் கேட்டது" என்றார். "அதுக்கு மேலை எனக்கு எண்ண வராது, மது. முப்பத்தைஞ்சு வருசமா வரேல்லை. நீ போ பிள்ளை. நீ பன்னிரண்டுக்கும் போ, நூறுக்கும் போ. நான் அதிலை நிக்கிறன்."

கம்பியைச் சுற்றி முடித்து, நுனியைச் செருகி, பெட்டிக்குள் வைத்து மூடினார். எப்போதும்போல வடிவாகச் சுற்றியிருந்தார்.

"திறப்பைத் தாங்கோ. நான் ஓட்டுறன்" என்றாள் மதுஜா.

வான் நகரத்தொடங்கியதும், பல ஆண்டுகளாகத் தொடாத முதல் இசைத்தட்டின் பாட்டுகளைக் கைபேசியில் தேடி எடுத்து, ஒலியை உச்சத்துக்கு ஏற்றினாள். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி கத்தினாள். சுரம் பிசகிய, சொல் விளங்காத, வெட்கப்படத்தக்க கத்தல். யாருக்கும் போட்டுக் காட்ட மதுஜா கூசிய கத்தல். ஐரோப்பா சதுக்கத்தைக் கடக்குமுன்பே இரவீந்திரனின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. வாய் சற்றே திறந்தது. அட்டைப்படத்தில் இருந்த அதே முகம். மயிர் மட்டும் நரைத்திருந்தது.

பூம்ப்ளிஸில் தங்கள் தெரு வந்தது. மதுஜா வானை அதற்குள் திருப்பவில்லை. நேரே போனாள்.

முதற்பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன் இரண்டு வினாடி வெறுமை. அந்த இரண்டு வினாடியில் இரவீந்திரனின் இமை துடித்தது; மடியில் கிடந்த கையின் பெருவிரல் சுண்டுவிரலைத் தேடி நகர்ந்தது. மதுஜா சூடேற்றும் விசிறியை உச்சத்துக்குத் திருகினாள். அது போதவில்லை என்பது இரண்டாம் பாட்டின் முடிவில் தெரிந்தது. பெருவிரல் முதற்கணுவைத் தொட்டுவிட்டது.

மூன்றாம் பாட்டு முடியப்போகும் தறுவாயில் அவள் மூச்சை நிறைய இழுத்து வைத்துக்கொண்டாள். கடைசி அடி விழுந்து சத்தம் அறுந்ததும், இனிக் கத்துவதில்லை என்று ஒதுங்கியவள், வாயைத் திறந்து, சொல்லும் பொருளும் இல்லாமல், தொண்டை கிழியக் கத்தினாள்.

அடுத்த பாட்டு தொடங்கும் வரையில் கத்தினாள். அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.